பருவுக்கு விழுங்கும் மாத்திரை: தெரிந்து விழுங்குவோம்



இந்த இதழின் சுகாதாரப் பாடத்துக்கு முகப்பருவை எடுத்திருக்கிறோம். "டெங்கு, எலிக்காய்ச்சல் என்று எவ்வளவோ இருக்க, பருவுக்கு ஒரு பாடமா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். பரு ஆளைக் கொல்லாது என்பது சரிதான். ஆனால் பருவுக்கென்று யாரையும் கேட்காமல் விழுங்கும் மாத்திரை ஆளைப் படுக்க வைத்துவிடலாம். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தில் அந்த மாத்திரை நம் கைக்கு எட்டிய தூரத்திலேயே கிடக்க ஒரு விசேஷ காரணமும் உண்டு. அதையும் கீழே சொல்கிறோம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள், வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

பரு ஏன் வருகிறது?

நம்முடைய தோலுக்குள் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. தோல் காய்ந்து வெடிக்காமல் இருப்பதற்கு அந்த எண்ணெய் தேவை. பிள்ளைகள் வயதுக்கு வரும் காலத்தில் உடம்பில் ஓமோன்கள் கூடுகின்றன. அப்போது எண்ணெயும் கூடச் சுரக்கிறது. எண்ணெய் வெளியே வரும் துவாரம் செத்த தோல் துகள்களால் அடைபடுகிறது. நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியா அந்த அடைப்புக்குள்ளே பெருகுகிறது. இடம் சிவந்து, வீங்கி, சில வேளை சீழ் கட்டுகிறது. இதுதான் பரு.

ஆகவே இது இரத்தம் கெட்டுப்போனதால் வருவதல்ல. முகம் கழுவாததால் வருவதுமல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. பெரும்பாலானவர்களுக்கு இருபது வயது தாண்டத் தாண்டக் குறையும். சிலருக்கு மட்டும் பெரிய கட்டிகளாக வந்து, ஆறிய பிறகும் தழும்பு நிற்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. லயத்தில் நாலு பேர் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "இதெல்லாம் ஒரு வியாதியா, சும்மா இரு" என்று வாயை அடைத்துவிட்டால், அந்தப் பிள்ளை நமக்குத் தெரியாமல்தான் மருந்து தேடும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பருவுக்கு என்ன மாத்திரை கொடுக்கிறார்கள்?

பரு கடுமையாக இருந்தால், பூசும் மருந்தோடு சேர்த்து அன்டிபயோட்டிக் மாத்திரையும் வைத்தியர்கள் எழுதுவதுண்டு. அன்டிபயோட்டிக் என்றால் பற்றீரியாக் கிருமியைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து. பருவுக்கு அதிகமாகக் கொடுப்பது டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகள். டொக்சிசைக்ளின், மினோசைக்ளின் என்பவை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1948இல் வெளிவந்தது. டொக்சிசைக்ளின் 1967 முதல் பாவனையில் இருக்கிறது. டெட்ராசைக்ளின் சேராதவர்களுக்கு எரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்றவற்றை வைத்தியர் யோசித்துக் கொடுப்பார்.

இவை நல்ல மருந்துகள். கிருமியைக் குறைப்பதோடு வீக்கத்தையும் தணிக்கின்றன. நாங்கள் இங்கே மருந்தைப் பழி சொல்ல வரவில்லை. கத்தி நல்லதுதான், ஆனால் யார் கையில், எதற்கு என்று பார்க்க வேண்டாமா? அதைத்தான் சொல்கிறோம்.

எலிக்காய்ச்சல் மாத்திரையும் பரு மாத்திரையும்

இப்போது அந்த விசேஷ காரணத்துக்கு வருவோம். எலிக்காய்ச்சல் அதிகமாகக் காணப்படும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருந்து கால் புண் வழியாகக் கிருமி ஏறுகிறது. 2008இல் இலங்கை முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோர் இந்தக் காய்ச்சல் என்ற சந்தேகத்தில் பதிவானார்கள். வயலில் இறங்குபவர்கள், மாணிக்கக் குழியில் வேலை செய்பவர்கள் போன்றோருக்கு, நோய் வராமல் தடுக்க, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமாக ஒரு மாத்திரை கொடுக்கப்படுகிறது. ஆபத்து உள்ள காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை, 200 மில்லிகிராம். அந்த மாத்திரைதான் டொக்சிசைக்ளின்!

தோட்ட வேலை முடிந்து வயலுக்கோ, மாணிக்கக் குழிக்கோ போகும் ஆண்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கொண்டுவரும் மாத்திரை வீட்டில் தகர டப்பாவில் இருக்கும். "இதே மாத்திரையைத்தான் பருவுக்கும் கொடுக்கிறார்கள்" என்று யாரோ சொல்லக் கேட்டு, பிள்ளை அதில் ஒன்றிரண்டு எடுத்து விழுங்கினால் என்ன நடக்கும்?

ஒன்று, பரு ஆறாது. பருவுக்கு இந்த மருந்து வேறு அளவில், தினமும், கிழமைக் கணக்கில் கொடுக்கப்படுகிறது. பலன் சரியாகத் தெரிய 6 முதல் 8 கிழமையாவது செல்லும். இடையிடையே ஒன்றிரண்டு விழுங்கினால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

இரண்டு, தகப்பனுக்குக் கொடுத்த மாத்திரை குறைந்துபோகும். அந்தக் கிழமை அவர் பாதுகாப்பில்லாமல் சேற்றில் இறங்குவார். எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கி உயிரையே எடுக்கும் நோய். மகளின் முகத்துப் பருவுக்காகத் தகப்பனின் உயிரோடு விளையாடலாமா?

மூன்று, ஏற்கெனவே பருவுக்கு டொக்சிசைக்ளின் எடுப்பவர், எலிக்காய்ச்சல் மாத்திரையும் வாங்கி இரண்டையும் சேர்த்து விழுங்கக்கூடாது. பரிசோதகரிடம் "நான் இன்ன மாத்திரை எடுக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதை வாசித்துவிட்டு எலிக்காய்ச்சல் மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம். யாருக்குக் கொடுத்தார்களோ அவரே, சொன்ன நாளில், சொன்ன அளவில் விழுங்க வேண்டும். அவ்வளவுதான்.

உடம்பில் என்னென்ன செய்யக்கூடும்?

எல்லா மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. எல்லாருக்கும் வருவதில்லை. வந்தால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

1. வெயில் சுடுதல். டொக்சிசைக்ளின் எடுப்பவரின் தோலை வெயில் சாதாரணத்தைவிடச் சீக்கிரம் சுட்டுவிடும். முகம், கழுத்து, முன்னங்கை, புறங்கை சிவந்து எரியும், சில வேளை கொப்புளிக்கும். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறிக்கும் நமக்கு இது பெரிய விஷயம். மப்பும் மந்தாரமுமான நாளிலும் சூரியக் கதிர் இறங்கும். ஆகவே முழுக்கைச் சட்டை, தலைக்கும் கழுத்துக்கும் துண்டு கட்டாயம். மருந்து எழுதும்போதே "நான் மலையில் வேலை செய்கிறேன்" என்று டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் வேறு மருந்து யோசிக்கலாம்.

2. தொண்டைக் குழாய் புண். மாத்திரையைத் தண்ணீரில்லாமல், அல்லது ஒரு மிடறு தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால், அது உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைப் புண்ணாக்கும். பிறகு எச்சில் விழுங்கினாலும் நெஞ்சு எரியும். பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். படுக்கப் போகும் நேரத்தில் விழுங்குவதைவிட இராச் சாப்பாட்டு நேரம் நல்லது.

3. வயிற்றுக் குழப்பம். குமட்டல், சத்தி, வயிற்றோட்டம் வரலாம். டொக்சிசைக்ளினைச் சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும். ஆனால் தண்ணீராகப் பல தடவை போனாலோ, இரத்தம் கலந்து போனாலோ தாமதிக்கக்கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, கெட்ட கிருமி தலையெடுத்திருக்கலாம். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்குச் சத்தியோ வயிற்றோட்டமோ வந்தால், அந்த மாத்திரை உடம்பில் சேராமல் போகலாம். மருத்துவ மாதுவிடம் கேளுங்கள்.

4. வெள்ளைபடுதலும் அரிப்பும். அன்டிபயோட்டிக் எடுக்கும் பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று வரலாம். தயிர் போன்ற வெள்ளைபடுதல், அரிப்பு இருக்கும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், இதற்கு இலேசான வைத்தியம் உண்டு.

5. தலையிடியும் கண் மங்கலும். மிக அரிதாக, டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகளால் மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடலாம். விடாத தலையிடி, பார்வை மங்கல், இரண்டிரண்டாகத் தெரிதல் வந்தால் மருந்தை நிறுத்தி உடனே டொக்டரைப் பார்க்க வேண்டும். பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினொயின் என்ற மாத்திரையோடு இவற்றைச் சேர்த்தால் இந்த ஆபத்துக் கூடும். ஆகவே இரண்டையும் ஒன்றாக எடுக்கவே கூடாது.

6. மினோசைக்ளினுக்கு என்று தனியாகச் சில உண்டு. தலைச்சுற்று வரலாம். செங்குத்து மலையில் கூடையோடு நிற்பவர்களுக்கு இது ஆபத்து. நீண்ட காலம் எடுத்தால் தோலில் நீலமும் சாம்பலும் கலந்த கறை படியலாம். அரிதாக ஈரலும் மூட்டுகளும் பாதிக்கப்படலாம்.

7. ஒவ்வாமை. உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் முகமும் வீக்கம், மூச்சு முட்டல். இது எந்த அன்டிபயோட்டிக்காலும் வரலாம். தடிமலுக்குத் தந்து மிஞ்சிய அமொக்சிசிலினைப் பருவுக்கு விழுங்குபவர்களும் உண்டு. பென்சிலின் குடும்பம் சேராதவருக்கு ஒரே ஒரு மாத்திரை போதும், உயிர் போக.

இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க

நம் தோட்டத்துப் பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை. கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்பும் டெட்ராசைக்ளின் மருந்தும் வயிற்றில் சந்தித்தால் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். இரண்டுமே உடம்பில் சரியாகச் சேராது. கல்சியம் மாத்திரையும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தும் அப்படித்தான். பாலும் பழைய டெட்ராசைக்ளினை நன்றாகவே தடுக்கும், டொக்சிசைக்ளினை ஓரளவு தடுக்கும். ஆகவே பால் தேத்தண்ணியோடு வேண்டாம், வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது 2, 3 மணித்தியாலம் இடைவெளி வேண்டும். எதை எந்த நேரம் எடுப்பது என்று டிஸ்பென்சரியில் கேட்டுச் சிட்டையில் எழுதி வாங்குங்கள். பருவுக்காக இரும்பு மாத்திரையை நிறுத்துவது புத்தியல்ல.

யார் தொடவே கூடாது?

கர்ப்பிணித் தாய்மார் பருவுக்காக டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்தை எடுக்கக்கூடாது. இந்த மருந்து கல்சியத்தோடு ஒட்டும். வயிற்றுப் பிள்ளையின் வளரும் பல்லிலும் எலும்பிலும் போய்ப் படியும். பிறகு அந்தப் பிள்ளைக்குப் பல் முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாக முளைக்கும். எந்தப் பற்பசையாலும் அது போகாது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தாலும் டொக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாய்மாரும் கேட்காமல் எடுக்கக்கூடாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் பருவுக்காக இதைக் கொடுப்பதில்லை.

ஈரல், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், இருதய வருத்தத்துக்கோ வலிப்புக்கோ வேறு மருந்து எடுப்பவர்களும் தங்கள் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அசித்ரோமைசினும் எரித்ரோமைசினும் சிலருக்கு இருதயத் துடிப்பைக் குழப்பும்.

இன்னொன்று. காலாவதியான டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய நஞ்சாக மாறும். இது 1960களிலேயே கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். இராக்கையில் கிடக்கும் பழைய மாத்திரை, திகதி தெரியாத மாத்திரை எதையும் விழுங்க வேண்டாம். டிஸ்பென்சரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு காலம் எடுக்கலாம்?

முன்பு ஆண்டுக் கணக்கில் கொடுத்தார்கள். இப்போது அப்படியல்ல. 3 மாதமளவில் டொக்டர் மறுபடி பார்த்து, நிறுத்துவதா, வேறு வழியா என்று முடிவு செய்ய வேண்டும். முகம் தெளிந்துவிட்டது என்று நாமாக அதே சிட்டையைக் காட்டி மாதாமாதம் வாங்கக்கூடாது. மாத்திரையை மட்டும் தனியாகவும் எடுக்கக்கூடாது. பென்சொயில் பெரொக்சைட் போன்ற பூசும் மருந்தோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் கிருமி மருந்துக்குப் பழகுவது குறையும்.

அது என்ன பழகுவது? மலையில் புல்லுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், சாகாத புல் மட்டும் மிஞ்சிப் பரவுவதைக் கண்டிருப்பீர்கள். கிருமியும் அப்படியே. பருக் கிருமி மருந்துக்கு அடங்காமல் போவது 1970களின் கடைசியிலேயே கண்டறியப்பட்டது. பருக் கிருமி மட்டுமல்ல, நம் தொண்டையிலும் குடலிலும் உள்ள மற்றக் கிருமிகளும் பழகிக்கொள்ளும். நாளைக்கு அதே வீட்டில் கைக்குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் முற்றினால், வழமையான மருந்து வேலை செய்யாமல் போகலாம். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். ஒரு லயத்தில் ஒருவர் செய்யும் தவறு பக்கத்துக் காம்பராவுக்கும் போகும்.

மாத்திரைக்கு முன் என்ன செய்யலாம்?

இலேசான பருவுக்கு மாத்திரையே தேவையில்லை. காலையும் மாலையும், வேலை முடிந்து வந்ததும், சாதாரண சவர்க்காரத்தால் மெதுவாக முகம் கழுவினால் போதும். தேய்த்து உரசக்கூடாது. பருவைக் கிள்ளக்கூடாது, கிள்ளினால் தழும்பு நிற்கும். முகத்தில் தேங்காய் எண்ணெய் வடிய விட வேண்டாம். தேசிக்காய், பற்பசை, சாம்பல் பூச வேண்டாம்.

பென்சொயில் பெரொக்சைட் பூசுவதானால் கொஞ்சமாக, இரவில் பூசித் தொடங்குங்கள். முதலில் சற்று எரியும், தோல் உரியும். தலையணை உறையிலும் நிறச் சட்டையிலும் பட்டால் சாயம் போய்விடும், கவனம். பலன் தெரிய ஒன்றரை, இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.

கடைத்தெருவில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம் பற்றியும் சொல்ல வேண்டும். சிலவற்றில் பாதரசமும் ஸ்டீரொயிட் மருந்தும் கலந்திருக்கும். ஸ்டீரொயிட் பூசினால் முதல் கிழமையில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, பரு முன்பைவிட மோசமாகக் கிளம்பும். அந்தப் பருவுக்கு மறுபடி மாத்திரை தேடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

எங்கே போவது?

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டுங்கள். கட்டி கட்டியாக, தழும்பு விழும்படி வந்தால் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளில் தோல் வைத்தியரைக் காணலாம். பெயர் நாளைக்கு ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று யோசிப்பீர்கள். தெரியாமல் மாத்திரை விழுங்கிப் படுத்தால் எத்தனை பெயர் போகும் என்றும் கணக்குப் பாருங்கள்.

டொக்டரின் சிட்டை இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். மருந்துகளைக் கண்காணிக்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை இருக்கிறது. நம் நாட்டில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது, அதன் முதல் தலைவராக இருந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. தேவையான மருந்து, தேவையானவருக்கு, கட்டுப்படியான விலையில் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பாடுபட்டவர் அவர். தேவையில்லாத மருந்தை ஏழையின் வயிற்றில் திணிக்கக்கூடாது என்பதும் அதற்குள் அடங்கியதுதான்.

மூச்சு முட்டல், முகம் வீக்கம், தோல் கொப்புளித்து உரிதல், வாயிலும் கண்ணிலும் புண், கண் மஞ்சளாதல், நிற்காத வயிற்றோட்டம் இவற்றில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். விழுங்கிய மாத்திரையின் உறையையும் கையோடு கொண்டுபோக மறக்க வேண்டாம்.

வீட்டில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. நம் வீட்டு மருந்து டப்பாவில் யாருக்குக் கொடுத்தது என்று தெரியாத மாத்திரை இருக்கிறதா?
2. எலிக்காய்ச்சல் மாத்திரையை ஏன் பருவுக்கு எடுக்கக்கூடாது? மூன்று காரணம் சொல்லுங்கள்.
3. மலையில் வேலை செய்பவர் டொக்சிசைக்ளின் எடுத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?
4. இரும்பு மாத்திரையையும் இந்த மாத்திரையையும் ஏன் ஒன்றாக விழுங்கக்கூடாது?
5. கர்ப்பிணித் தாய் இதை எடுத்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

முதல் கேள்விக்குப் பதிலை வாயால் சொன்னால் போதாது. இன்றைக்கே டப்பாவை இறக்கிக் கொட்டிப் பாருங்கள். பேர் தெரியாதது, திகதி போனது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, நாளைக்குப் பெரட்டுக்குப் போகும் வழியில் டிஸ்பென்சரியில் கொடுத்துவிடுங்கள்.